கதவுக்கு ‘சி’, இக்னிஷனுக்கு ‘இ’: 1972 செவெல் காரின் சாவிகள்

நண்பர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவில் 1972 மாடல் செவர்லே செவெல் ஒன்றை வாங்கியிருக்கிறார். கைக்கு வந்தவை இரண்டு சாவிகள். ‘சி’ என்று பொறித்த சாவி இரண்டு கதவுகளையும் திறக்கிறது. ‘இ’ என்று பொறித்த சாவி இன்ஜினைக் கிளப்புகிறது. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை உருவிக் கையில் எடுத்துவிடலாம். டிக்கிக்குச் சாவியே இல்லை. வண்டி எண்ணைக் (நம்பர் பிளேட் எண் அல்ல, தொழிற்சாலை இட்ட அடையாள எண்) கொடுத்தால் டீலர் சாவி தருவாரா, இருப்பதற்கு நகல் எடுத்தால் போதுமா, சாவிக்குள் சிப் ஏதாவது இருக்குமா என்பவை அவர் எழுத்தில் கேட்ட மூன்று கேள்விகள். எழுதாமல் கேட்டது வேறொன்று என்று நினைக்கிறேன்: பூட்டு மாறியிருக்கிறதே, இது திருட்டு வண்டியோ, விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டாரோ?

மிச்சிகனில் ஒரு பூட்டுக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய கார்களின் பூட்டுகளைப் பார்த்து வருகிறேன். என் கை அதிகம் பழகியது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில். செவெல் அந்தக் குடும்பம் என்பதால் தைரியமாகப் பதில் சொல்கிறேன். வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எளிய கேள்விகளை முடித்துவிடுவோம். சிப் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் சாவியில் மின்சார வேலை நுழைந்தது 1986 கார்வெட்டில்தான். அதிலும் சிப் இல்லை. சாவித் தண்டில் பதித்த சிறு மின்தடை. மொத்தம் 15 அளவுகள்; தவறான அளவைச் செருகினால் வண்டி சில நிமிடங்களுக்குக் கிளம்ப மறுக்கும். உங்கள் சாவி வெறும் உலோகம், அதில் ஆறு வெட்டு, அவ்வளவே. டீலரைப் பொறுத்தவரை, 1972 வண்டி எண்ணுக்குள் சாவியைப் பற்றி எந்தத் தகவலும் கிடையாது. அதில் இருப்பவை கார்ப் பிரிவு, மாடல் வரிசை, உடல் அமைப்பு, இன்ஜின், ஆண்டு, தொழிற்சாலை, வரிசை எண். சாவி எண் தனியாகப் போன விவகாரம். ஐம்பது ஆண்டு பழைய வண்டியின் சாவி எண்ணை எந்த டீலரும் எடுத்துத் தந்து நான் பார்த்ததில்லை.

அந்த எண் எங்கே இருந்தது தெரியுமா? சாவியின் தலையிலேயே. புதுச் சாவியின் தலையில், வளையம் கோக்கும் துளை இருக்க வேண்டிய இடத்தில், புளியங்கொட்டையளவு தகட்டுத் துண்டு ஒன்று லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாவி எண் அதில்தான் பொறித்திருக்கும். உரிமையாளர் எண்ணைக் குறித்துக்கொண்டு, துண்டைத் தட்டி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. தெருவில் கிடக்கும் சாவியை எடுத்தவன் எண்ணைப் பார்த்து இன்னொன்று வெட்டிவிடக் கூடாது என்பதுதான் காரணம். நடைமுறையில் பாதிப் பேர் துண்டைத் தட்டியதும் தூக்கி எறிந்தார்கள். ஆனாலும் வண்டியோடு வந்த கையேடு, பழைய ரசீதுகள், பிளாஸ்டிக் உறை எதையும் உதறிப் பார்க்காமல் விடாதீர்கள். ஒரு பொன்டியாக் காருக்காக நான் அரை நாள் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உரிமையாளரின் மனைவி கையேட்டு உறையின் மூலையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது.

இப்போது எழுத்துகளுக்கு வருவோம். உங்கள் மறைமுகக் கேள்விக்கு விடை அவற்றில்தான் இருக்கிறது. 1935 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு மில்வாக்கியின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் செய்த பூட்டுகள் ஒரு தனி ரகம். வெட்டுகள் சரியாக இருக்கும் சாவியைச் செருகினால் உள்ளே ஆறு சிறு பித்தளைத் தகடுகளின் பள்ளங்கள் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். பக்கவாட்டில் படுத்திருக்கும் ஒரு கம்பி அந்தக் கோட்டுக்குள் இறங்கும். இறங்கினால்தான் பூட்டு சுழலும். 1966 வரை சாவித் தண்டின் குறுக்குவெட்டு ஒன்றேதான். செவர்லேயோ காடிலாக்கோ, வெட்டாத சாவி ஒரே ரகம். வெட்டின் ஆழங்கள் நான்கு. நான்கு ஆழம், ஆறு இடம் என்றால் கணக்குப்படி 4,096 சேர்க்கைகள். ஒரே மாதிரி அடுத்தடுத்து வருபவற்றைக் கழித்தால் உண்மையில் இன்னும் குறைவு. சாலையில் கோடிக்கணக்கில் வண்டிகள் ஓடும் நாட்டில் இது எத்தனை சிறிய எண்ணிக்கை என்று பாருங்கள். அடுத்தவன் காரைத் தன் கார் என்று நினைத்துத் திறந்து உட்கார்ந்தவர்களின் கதைகள் அந்தக் காலத்தில் சும்மா வரவில்லை.

1967இல் இதை மாற்றினார்கள். ஆழங்கள் ஐந்தாயின. அதைவிட முக்கியமாக, தண்டின் பள்ள வடிவம் ஆண்டுதோறும் மாறத் தொடங்கியது. 1967க்கு ஏ, பி. 1968க்கு சி, டி. 1969க்கு இ, ஹெச். 1970க்கு ஜே, கே. 1971இல் மறுபடியும் ஏ, பி. நான்கு ஆண்டுக்கு ஒரு சுற்று. ஜோடியில் முதல் எழுத்து முதன்மைச் சாவி, இரண்டாவது எழுத்து துணைச் சாவி. ஒரு எழுத்தின் சாவி வேறு எழுத்தின் துவாரத்துக்குள் நுழையவே நுழையாது. 1972க்கு உரியவை சி, டி. ஆகவே உங்கள் கதவுகள் பேசும் மொழி சரியான மொழி. இக்னிஷன் மட்டும் வேற்றூர் மொழி பேசுகிறது.

ஏன் இரண்டு சாவி என்றும் சிலர் கேட்பதுண்டு. ஹோட்டல் வாசலில் வண்டியைப் பணியாளரிடம் விட்டுப் போகும் ஊர் அது. முதன்மைச் சாவியைக் கொடுத்தால் அவர் வண்டியை ஓட்டலாம். டிக்கியும் டேஷ்போர்டு பெட்டியும் துணைச் சாவிக்காரருக்கு மட்டும். 1973 வரை கதவுகள் இக்னிஷன் சாவியோடு இருந்தன; 1974இல் அவற்றையும் துணைச் சாவிக்கு மாற்றி, இக்னிஷனைத் தனியாக விட்டார்கள். உங்கள் வண்டி மாற்றத்துக்கு முந்தையது. அதாவது, தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று அந்த ‘சி’ சாவியே கதவையும் திறந்து இன்ஜினையும் கிளப்பியிருக்கும். காணாமல் போயிருப்பது ‘டி’.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: இக்னிஷன் பூட்டு இந்த வண்டியோடு பிறந்ததல்ல. அதற்கு மேல் போனால் ஊகம்தான். ‘இ’ என்பது 1969, 1973, 1977 என்று பல ஆண்டுகளுக்குப் பொதுவானது. ஸ்டீயரிங் தண்டில் உட்காரும் அந்தப் பூட்டின் உடல் 1969 முதல் 1978 வரை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சாவி தொலைந்து யாரோ புதுப் பூட்டு போட்டிருக்கலாம். கடையில் அன்று கையிருப்பில் இருந்தது ‘இ’ ஆக இருந்திருக்கலாம். திருட முயன்ற ஒருவன் உடைத்துப் போட்டதைச் சரிசெய்ததாகவும் இருக்கலாம். நான் அதிகம் பார்த்த காரணம் வேறு: முழு ஸ்டீயரிங் தண்டையே மாற்றுவது. மேலும் கீழும் சாய்க்கக்கூடிய தண்டு அப்போது கூடுதல் பணம் கொடுத்தால் கிடைத்த வசதி. பின்னாளில் உடைசல் கிடங்கிலிருந்து அதைக் கழற்றி வந்து மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். உங்கள் தண்டின் இடதுபுறம், சிக்னல் நெம்புகோலுக்குக் கீழே இன்னொரு சிறு நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் மர்மம் விலகியது போல்தான்.

திருட்டு வண்டியா என்பதைச் சாவி சொல்லாது, எண்தான் சொல்லும். டேஷ்போர்டின் ஓட்டுநர் பக்க மூலையில், முன் கண்ணாடி வழியாகத் தெரியும் தகட்டில் 13 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். முதலில் 1, அது செவர்லே. ஆறாவது இடத்தில் 2, அது 1972. அந்தத் தகடும் உரிமைப் பத்திரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, தகட்டின் ரிவெட்டுகள் யாரும் கை வைத்தவை போலத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இன்ஜின் பிளாக்கிலும் வண்டி எண்ணின் ஒரு பகுதி பொறித்திருக்கும். ஆனால் இன்ஜின் மாறியிருப்பது இந்த வயது வண்டிகளில் சகஜம் என்பதால், அது பொருந்தாவிட்டால் பதற வேண்டாம். தகடு சரி என்றால், மாறிய இக்னிஷன் பூட்டை வைத்து மட்டும் விற்றவரைச் சந்தேகிப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

சரி, ஓடும்போது சாவி கழன்று வருவது. பழகியவர்கள் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 1960களின் நடுவில் கார்த் திருட்டு பெருகியபோது, சாவியை எடுத்தால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் இக்னிஷனை டேஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றியது. 1970 ஜனவரி 1 முதல் திருட்டுத் தடுப்பை அரசு விதியே கட்டாயமாக்கியது. பூட்டிய நிலையில் மட்டும்தான் சாவி வெளியே வர வேண்டும். உங்களுடையது ஓடும்போது வருகிறதென்றால் சாவி தேய்ந்திருக்கிறது, அல்லது தகடுகள் தேய்ந்திருக்கின்றன, அல்லது இரண்டுமே.

இங்கேதான் ‘நகல் எடுத்தால் போதுமா’ என்ற கேள்விக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பது. இந்தச் சாவிகளில் ஓர் ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் இடையே 0.025 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். அதில் பாதி தேய்ந்தாலே பூட்டு தடுமாறும். பாதி என்பது மூன்று தாள் கனம். தேய்ந்த சாவியை நகல் இயந்திரத்தில் வைத்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகலெடுக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் பிழையும் சேர்க்கும். நகலின் நகலின் நகலை மூன்று தலைமுறைக்கு ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொண்டிருந்த நாளில் நானே அப்படி ஒரு நகலை வெட்டிக் கொடுத்து, அது ஸ்டீயரிங் தண்டுக்குள்ளேயே முறிந்து, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தத் துண்டைத் தோண்டி எடுத்த கதை என் கணக்கில் இருக்கிறது.

செய்ய வேண்டியது, ‘சி’ சாவியை அளந்து, அதன் பின்னால் மறைந்திருக்கும் ஆறு எண்களைக் கண்டுபிடிப்பது. வெர்னியர் அளவியை ஒவ்வொரு வெட்டின் அடியிலும் வைத்து, சாவியின் முதுகிலிருந்து எவ்வளவு உலோகம் மிச்சம் என்று பார்க்க வேண்டும். 1 என்றால் உயரமான வெட்டு, 5 என்றால் மிக ஆழம். ஓரிடத்தில் அளவு 3க்கும் 4க்கும் நடுவே நின்றால் என்ன செய்வது? தேய்மானத்துக்கு ஒரே திசைதான். உலோகம் குறையுமே தவிர வளராது. அதனால் 3 என்று எடுத்துக்கொள்வேன். உங்கள் சாவியே ஒரு மோசமான நகலாக இருந்தால் இந்தத் தர்க்கம் பொய்க்கலாம். இயந்திரத்தின் பிழை இரண்டு பக்கமும் போகக்கூடியது. ஐயம் இருந்தால் கதவுப் பூட்டையே கழற்றி உள்ளே இருக்கும் தகடுகளின் எண்களைப் பார்ப்பதுதான் முடிவான சாட்சி. ஓட்டுநர் பக்கம் தேய்ந்திருக்கும். அடுத்த பக்கக் கதவைக் கழற்றுங்கள், அங்கே கை குறைவாகப் பட்டிருக்கும்.

ஆறு எண்களும் கிடைத்தபின், எண்ணைப் பார்த்துச் சாவி வெட்டும் கருவி வைத்திருக்கும் பூட்டுக்காரரைத் தேடுங்கள். அப்படிப்பட்ட கர்ட்டிஸ் கைக்கருவி இன்றும் பல பூட்டுக்காரர்களின் வண்டிகளில் கிடக்கும். பாக்குவெட்டியைப் போல ஒவ்வொரு இடத்துக்கும் நகர்த்தி அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு வெட்டு. ஆறு ‘டக்’கில் தொழிற்சாலை அளவில் புதுச் சாவி தயார். வெட்டாத சாவி வாங்கும்போது, ‘சி’ வடிவத்துக்குப் பி46 என்றும், ‘டி’க்குப் பி47 என்றும் கடையில் கேட்டால் புரியும். உங்கள் ‘இ’ சாவியின் வகை பி48.

அடுத்து இக்னிஷன். அது எப்படியும் வேற்று வண்டியின் பூட்டு, தேய்ந்தும் போயிருக்கிறது. ‘சி’ துவாரம் உள்ள புதுப் பூட்டு ஒன்றை வாங்கி, உங்கள் கதவுச் சாவியின் எண்களுக்கு ஏற்பத் தகடுகளை அடுக்கிக்கொள்ளலாம். 1 முதல் 5 வரை எண்ணிட்ட தகடுகள் கிடைக்கும். தகடுகளை அதனதன் இடத்தில் இறக்கிச் சாவியைச் செருகிப் பாருங்கள். பக்கக் கம்பி உடலோடு சமமாக அமிழ்ந்துவிட்டால் கணக்கு சரி. நகத்தால் தடவும்போது இடறினால் ஏதோ ஒரு தகடு தவறு. அமிழ்கிறது என்று உறுதியான பிறகே ஸ்பிரிங்குகளை வைத்து மேல் மூடியை அடித்து இறுக்குங்கள். இறுக்கியபின் திரும்பிப் பிரிப்பது தலைவலி. முடிந்தால், கதவும் இன்ஜினும் ஒரே சாவியில், 1972இல் இருந்தபடியே வந்துவிடும்.

பழைய பூட்டைக் கழற்றுவதுதான் கடினமான பகுதி. உங்கள் ஆண்டு வண்டியில் பேட்டரி இணைப்பை எடுத்து, ஸ்டீயரிங் சக்கரத்தை இழுப்பானால் கழற்றி, அதன் கீழே ஸ்பிரிங் விசையில் நிற்கும் பூட்டுத் தட்டை அதற்கான கருவியால் அமுக்கி வளையத்தை எடுத்து, சிக்னல் சுவிட்சைத் தளர்த்திய பிறகுதான் ஒரு குறுகிய பிளவு கண்ணுக்குத் தெரியும். மெல்லிய திருப்புளியை அதற்குள் விட்டு உள்ளே இருக்கும் நாக்கை அமுக்கினால் பூட்டு வெளியே வரும். இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, சாவியை மறந்தால் கத்தும் பஸ்ஸரின் சிறு சுவிட்ச் பக்கத்திலேயே இருக்கிறது. அதை முதலில் மூக்கு இடுக்கியால் பத்திரமாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் ஸ்பிரிங் தண்டுக்குள் விழுந்து காணாமல் போகும். இரண்டு, சக்கரம் வர மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். 1967 முதல் இந்தத் தண்டுகள் விபத்தில் தானே மடங்கிக்கொள்ளும்படி செய்தவை. உள்ளே பிளாஸ்டிக் ஊசிகள்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. ஓர் அடியில் அவை முறிந்தால் பூட்டுச் செலவு தண்டுச் செலவாக மாறும். இதுவரை சக்கரம் கழற்றிப் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் கைதேர்ந்தவரிடம் விடுங்கள்.

ஃபோர்டு, கிரைஸ்லர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே தங்கள் வண்டிக்குப் பொருத்திவிடக் கூடாது. அவற்றில் பக்கக் கம்பி கிடையாது; தகடுகளுக்குப் பதில் சிறு ஊசிகள் வைத்த பூட்டுகள். ஃபோர்டு 1965இல் பெரிய கார்களுக்கு எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும் சாவியைக் கொண்டுவந்தது. மஸ்டாங்குக்கு அது 1967இல்தான் வந்தது. எழுத்துச் சுற்று ஜெனரல் மோட்டார்ஸின் பழக்கம் மட்டுமே.

மிஞ்சியது டிக்கி. நேராக டிக்கிப் பூட்டைத் துளைபோட யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டேஷ்போர்டு பெட்டி இப்போது பூட்டாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே பெரிய அதிர்ஷ்டம். அந்தப் பூட்டும் டிக்கியும் ஒரே ‘டி’ சாவி. பெட்டிப் பூட்டில் ஆறுக்குப் பதில் நான்கு தகடுகள்தான் இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் டிக்கிச் சாவியின் ஆறு எண்களில் நான்கு கிடைத்துவிடும். தெரியாத இரண்டு இடத்துக்கு, ஐந்தை ஐந்தால் பெருக்க 25 வாய்ப்புகள். தொழிற்சாலை வெட்டுகளில் ஆறு எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக வரும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கையாளும் விதி. அதைப் போட்டதுமே பாதி கழிந்து 12 அல்லது 13 மிஞ்சும். அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளுக்கு இடையே இரண்டு ஆழத்துக்கு மேல் வித்தியாசம் இருக்காது என்பதையும் சேர்த்தால் இன்னும் சில கழியும். ஆழம் குறைந்த வெட்டில் தொடங்கி, அதே சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்திக்கொண்டே போனால் மூன்று நான்கு வெட்டாத சாவிகளில் வேலை முடிந்துவிடும். டிக்கிப் பூட்டைப் பின்னாளில் யாரும் மாற்றாமல் இருந்தால்தான் இது பலிக்கும். இக்னிஷனுக்கு நடந்தது அதற்கும் நடந்திருந்தால், பின் இருக்கையைக் கழற்றி உள்ளே போகும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

புதுச் சாவியில் பூட்டு இறுக்கமாக இருந்தால் எண்ணெய் விடாதீர்கள். ஐம்பது ஆண்டுத் தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போதும். டிக்கி திறந்ததும் மகிழ்ச்சியில் மூடியை அறைந்து சாத்திவிடாதீர்கள். அது சாவியில்லாமலே பூட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்த நிலையிலேயே வைத்து, கொண்டியை ஒரு திருப்புளியால் கீழே தள்ளிப் பூட்டவைத்து, சாவியைத் திருப்பினால் அது விடுபடுகிறதா என்று நான்கைந்து முறை பாருங்கள். கையிலிருந்த ஒரே சாவியை டிக்கிக்குள்ளேயே வைத்துச் சாத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சோதிக்கும்போது சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.